ஒரு டாலர் வீடும் பதினெட்டு ஆண்டுகளும்: படூக்கா நகரம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மேற்குக் கோடியில், டென்னசி ஆறு ஒஹையோ ஆற்றோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது படூக்கா. சுமார் 27,000 பேர் வாழும் சின்ன நகரம். ஆனால் நகரத் திட்டம் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பெயர் சீக்கிரமே வந்துவிடும். ஓவியர்களையும் சிற்பிகளையும் வெளியூர்களிலிருந்து அழைத்துவந்து குடிவைத்து, பாழாகிக் கிடந்த பகுதியை மீட்டெடுத்த ஊர் என்று இதற்குப் பெயர்.

அந்தப் பெயருக்கு ஊர் தகுதியானதுதான். ஆனால் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: கலைஞர்கள் வந்தார்கள், தெரு திருந்தியது, ஊர்க்காரர்களின் மனமும் விசாலமானது. இந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. வீடுகள் திருந்த ஐந்தாறு ஆண்டுகள் போதுமாக இருந்தன. வந்தவர்களில் ஒரு பகுதியினரான ஒரே பாலினத் தம்பதிகளுக்கு வேலையிலும் குடியிருப்பிலும் பாரபட்சம் காட்டக் கூடாது என்று நகரம் சட்டம் எழுத 18 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் வேலை செய்தது கலையா, வேறு ஏதாவதா என்று பார்க்கவேண்டும்.

ஊர் எப்படித் தேய்ந்தது

படூக்கா ஆற்றால் பிறந்த ஊர். படகு, சரக்கு, அப்புறம் ரயில் என்று வளர்ந்தது. 1937-ல் ஒஹையோ ஆறு பொங்கியபோது நீர்மட்டம் 60.8 அடியைத் தொட்டது. ஏறக்குறைய 27,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதன்பிறகுதான் ராணுவப் பொறியாளர் படை நகரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே கான்கிரீட் வெள்ளத் தடுப்புச் சுவரைக் கட்டியது. ஊர் பிழைத்தது. ஆனால் நகர மையத்திலிருந்து ஆற்றைப் பார்க்க விடாமல் சாம்பல் நிறச் சுவர் ஒன்று குறுக்கே நின்றது.

1952-ல் யுரேனியம் செறிவூட்டும் ஆலை ஊருக்கு அருகே வந்தது. வேலை வந்தது, கூடவே அணுக் கழிவும் வந்தது. நகரத்தின் மக்கள் தொகை 1960-ல் 34,479 ஆக இருந்தது. 2000 கணக்கெடுப்பில் 26,307. நாற்பது ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்கு நடுவே 1982-ல் நெடுஞ்சாலை ஓரத்தில் கென்டக்கி ஓக்ஸ் மால் திறந்தார்கள். பிராட்வே தெருக் கடைகளுக்குப் போனவர்கள் காரை எடுத்துக்கொண்டு மாலுக்குப் போக ஆரம்பித்தார்கள். நகர மையம் காலியானது.

அந்த மையத்தை ஒட்டி லோயர் டவுன் என்று ஒரு பகுதி. நகரத்தின் மிகப் பழைய குடியிருப்பு; 26 தெருக்கட்டங்கள். உயர்ந்த கூரை, நீண்ட ஜன்னல், மர வேலைப்பாடுள்ள முகப்பு என்று 19-ஆம் நூற்றாண்டில் வசதியானவர்கள் கட்டிய வீடுகள். 1990-களில் அவற்றில் பல, உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி மூன்று நான்கு வாடகைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. உரிமையாளர் வேறெங்கோ இருப்பார், வாடகை மட்டும் வாங்குவார், கூரை ஒழுகினால் பார்க்கமாட்டார். தெருவில் போதைப்பொருள் வியாபாரம் நடந்தது.

கலைஞர்கள் வருவதற்கு முன்பே இருந்த கலை

பல கட்டுரைகள் 2000-ல் தொடங்குகின்றன. அது சரியில்லை. படூக்காவுக்கு அதற்கு முன்பே ஒரு கலை இருந்தது, அதுவும் உள்ளூர்ப் பெண்களின் கையில்.

துணித் துண்டுகளை வெட்டி, கோலம்போல் அடுக்கி, மூன்று அடுக்காகச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு அங்கே குயில்ட் என்று பெயர். 1980-களில் பில் ஷ்ரோடர், மெரிடித் ஷ்ரோடர் என்ற படூக்காத் தம்பதி குயில்ட் தைப்பவர்களுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கி, 1985 முதல் வருடாந்தரக் கண்காட்சியும் நடத்தினார்கள். 1991-ல் நகர மையத்திலேயே குயில்ட் அருங்காட்சியகம் திறந்தது. வசந்த காலத்துக் கண்காட்சி வாரத்தில் 30,000 பேர்வரை வருவார்கள்; ஊரின் மக்கள் தொகையைவிட அதிகம். அவ்வளவு பேருக்கு ஹோட்டல் அறை எங்கே இருக்கிறது? ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அறைகளை விருந்தினர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அருங்காட்சியகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குயில்ட்டைப் பார்வையாளர்கள் தொடக் கூடாது. கை எண்ணெய் துணியில் படும். அதனால் வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்பார்கள். நீங்கள் கேட்டால் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். தையல் தெரிந்தவருக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் முக்கியம். முடிச்சு எங்கே போட்டார், தையல் ஓட்டம் சீராக இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முன்பின் தெரியாத ஒருவருக்கு இதை நின்று நிதானமாகக் காட்டுகிற பழக்கம் அந்த ஊரில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பின்னால் வந்த திட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை ஆய்வுகள் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

1996-ல் வெள்ளத் தடுப்புச் சுவரும் மாறத் தொடங்கியது. லூயிசியானாவைச் சேர்ந்த ராபர்ட் டாஃபர்ட் தன் குழுவோடு வந்து அதில் ஊரின் வரலாற்றை வரைய ஆரம்பித்தார். பூர்வகுடிகள், படகுத்துறை, சந்தை, 1937 வெள்ளம் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட ஓவியங்கள் வரிசையாக இன்று நிற்கின்றன. ஆற்றை மறைத்த சுவரே ஊருக்கு ஆட்களை வரவழைக்கும் சுவராக ஆகிவிட்டது.

திட்டம் எப்படி இயங்கியது

மார்க் பரோன் என்ற ஓவியர் லோயர் டவுனில் குடியிருந்தார். தன் வீட்டுக்கு வெளியே போதைப்பொருள் கைமாறுவதைக் கண்ணால் பார்த்தவர். ஊரை விட்டுப் போவதா, இருந்து ஏதாவது செய்வதா என்ற நிலையில் அவர் நகராட்சியிடம் போனார். நகரத் திட்ட அதிகாரி டாம் பார்னெட் காதுகொடுத்துக் கேட்டார். 2000 ஆகஸ்டில் கலைஞர் குடியேற்றத் திட்டம் தொடங்கியது.

முதலில் நகராட்சி கட்டட விதிகளைக் கறாராக அமல்படுத்தியது. பராமரிக்காத உரிமையாளர்களுக்கு வீட்டைச் சரிசெய் அல்லது விற்றுவிடு என்ற நெருக்கடி வந்தது. பாழடைந்த வீடுகளை நகராட்சியே வாங்கி, நம்பத்தகுந்த திட்டத்தோடு வரும் கலைஞர்களுக்குக் கொடுத்தது. சில வீடுகளின் விலை ஒரே ஒரு டாலர். புதிதாகக் கட்டுவதற்கு மனையும் இலவசமாகத் தந்தது. கட்டட வரைபடம் போன்ற செலவுகளுக்கு 2,500 டாலர்வரை உதவி உண்டு. வீடு, பட்டறை, காட்சிக்கூடம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடத்தும்படி நில உபயோக விதிகளையும் மாற்றினார்கள். அமெரிக்கா முழுதும் கலைப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள்.

ஒரு டாலர் வீடு என்ற செய்திதான் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. என்னைக் கேட்டால் உண்மையான திறவுகோல் வங்கிக் கடன். ஒரு பாழடைந்த வீட்டின் சந்தை மதிப்பு 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதை வாழத்தக்கதாக்க மேலும் 60,000 டாலர் வேண்டும். சாதாரணமாக எந்த வங்கியும் வீட்டின் மதிப்புக்குமேல் கடன் தராது. சுற்றியுள்ள வீடுகளும் பாழாக இருப்பதால் மதிப்பு ஏறாது. மதிப்பு ஏறாததால் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காததால் ஒருவரும் பழுதுபார்க்கமாட்டார்கள். பழைய நகரப் பகுதிகள் செத்துப்போவது பெரும்பாலும் இந்தச் சுழலில் மாட்டித்தான். உள்ளூர் வங்கியான படூக்கா பேங்க் இந்தச் சுழலை உடைத்தது. வாங்குவதற்கும் புதுப்பிப்பதற்கும் சேர்த்து முழுத் தொகையையும் நீண்ட காலக் கடனாகக் கொடுத்தது. மதிப்பைப்போல மூன்று மடங்குவரைகூடக் கடன் போனது. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கும் பெரிய வங்கி இப்படிச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஊர் அழிந்தால் தன் தொழிலும் அழியும் என்ற நிலையில் இருக்கும் வங்கிக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும்.

ஏன் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் கணக்கு ரீதியான காரணம் உண்டு. படூக்காவில் புதிதாக வேலை இல்லை. வெளியிலிருந்து வருகிறவர் தன் வருமானத்தையும் கையோடு கொண்டுவந்தால்தான் முடியும். வெளியூர்க் கண்காட்சிகளிலும் இணையத்திலும் விற்கும் ஓவியர், குயவர், நகைக் கலைஞர் ஆகியோருக்கு அது சாத்தியம். அவர்களுக்குப் பெரிய இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், விலை குறைவாக இருக்கவேண்டும். சுத்தியலும் ரம்பமும் பிடிக்கவும் அவர்களில் பலர் தயங்கமாட்டார்கள்.

எழுபதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் வந்தார்கள். 3 கோடி டாலருக்கு மேல் முதலீடு வந்தது என்பது நகரம் சொல்லும் கணக்கு. 2004-ல் நகர மையத்தில் கார்சன் கலையரங்கம் திறந்தது. 2008-ல் உள்ளூர்க் கல்லூரியின் ஓவியப் பள்ளி லோயர் டவுனுக்கே வந்தது.

வந்தவர்களை ஊர் எப்படிப் பார்த்தது

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகராட்சிகளிடையே ஒரு கருத்து வேகமாகப் பரவியது: தொழில்நுட்பம், திறமை, சகிப்புத்தன்மை மூன்றும் உள்ள ஊர்தான் வளரும், அதனால் சகிப்புத்தன்மை இருக்கும் இடத்தைத் தேடித்தான் கலைஞர்கள் போவார்கள். படூக்கா இந்தக் கருத்துக்கு நேர் எதிரான உதாரணம். தேவாலயங்களைச் சுற்றி வாழ்க்கை சுழலும், தேர்தல்களில் பழமைவாதத்தின் பக்கம் சாயும் பகுதி அது. கலைஞர்கள் அங்கே போனது சகிப்புத்தன்மைக்காக இல்லை. வீட்டுக்காகவும் கடனுக்காகவும் போனார்கள்.

வந்தவர்களில் ஒரே பாலினத் தம்பதிகளும் இருந்தார்கள். பெரிய நகரங்களில் வாழ்ந்து பழகியவர்கள். 2004 நவம்பரில், திட்டம் உச்சத்தில் இருந்தபோது, கென்டக்கி மாநிலம் ஒரே பாலினத் திருமணத்துக்கு அரசியல் சாசனத்திலேயே தடை போட்டது. மாநிலம் முழுதும் சுமார் 75 சதவீதம் பேர் அந்தத் தடைக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நகராட்சியே விளம்பரம் கொடுத்து அழைத்துவந்து, வீடு கொடுத்து, கடன் வாங்கித் தந்து குடிவைத்தவர்களின் குடும்பத்தை, அதே மாநிலம் குடும்பமாக ஏற்க மறுத்தது. இந்த இரண்டையும் ஒரே தெருவில் வைத்துப் பார்த்தால்தான் அவர்கள் எந்த நிலையில் அங்கே வாழ்ந்தார்கள் என்பது புரியும்.

அவர்களைக் காப்பாற்றியது வீட்டுப் பத்திரம் என்று நான் நினைக்கிறேன். வாடகைக்கு வந்திருந்தால் ஒரு கசப்பான பேச்சுக்கே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். இவர்களோ முப்பது வருடக் கடன் வாங்கியவர்கள், சொத்து வரி கட்டுகிறவர்கள். நகர ஆணையத்தின் கூட்டத்துக்குப் போய்த் தெருவிளக்குக்கும் நடைபாதைக்கும் கேள்வி கேட்கிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓவியம் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் தன் வீட்டு மதிப்பு ஏறியதற்கு எதிர் வீட்டின் புதுக் கூரைதான் காரணம் என்று அவருக்குத் தெரியும். மனமாற்றம் என்று இதைச் சொல்வதைவிட, பிரிக்க முடியாதபடி ஒருவர் நலனில் இன்னொருவர் கலந்துபோனது என்று சொல்லலாம். நான் இதைக் குறைவாக மதிப்பிடவில்லை. அன்பு வரும்வரை காத்திருக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

இருந்தாலும் அது போதாது. நலன் மாறினால் உறவும் மாறும். அதனால்தான் 2018 ஜனவரியில் நடந்ததை இந்த ஆய்வின் மையமாக வைக்கிறேன். மேயர் பிராண்டி ஹார்லெஸ் காலத்தில் படூக்கா நகர ஆணையம், பாலின நாட்டம், பாலின அடையாளம் ஆகியவற்றின் பேரில் வேலை, குடியிருப்பு, பொது இடங்கள் மூன்றிலும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கென்டக்கியில் மாநில அளவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. லூயிவில், லெக்சிங்டன் போன்ற பெரிய நகரங்கள் 1999-லேயே செய்ததை, மேற்குக் கோடியில் இருந்த ஒரு சின்ன ஊர் தாமதமாக, ஆனால் தானாகச் செய்தது.

இந்த ஊருக்குச் சட்டத்தின் அருமை தெரிந்திருக்க ஒரு பழைய காரணமும் உண்டு. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1862 டிசம்பர் 17-ல், வடக்குப் படைத் தளபதி யுலிசிஸ் கிராண்ட் தன் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து யூதர்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்று ஆணை எண் 11 பிறப்பித்தார். படூக்காவில் அது அப்படியே அமல்செய்யப்பட்டது. சுமார் முப்பது யூதக் குடும்பங்களுக்கு 24 மணி நேரம் அவகாசம். சீசர் காஸ்கல் என்ற படூக்கா வணிகர் வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி லிங்கனை நேரில் சந்தித்து முறையிட்டார். ஜனவரி முதல் வாரத்திலேயே ஆணை ரத்தானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்களாக இருந்தார்களா இல்லையா என்பது அன்று அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றவில்லை. மேலிருந்து வந்த ஒரு காகிதம் துரத்தியது, இன்னொரு காகிதம் திரும்பி வர வழிவிட்டது.

யார் விடுபட்டார்கள்

லோயர் டவுனில் மூன்று நான்கு வாடகைப் பகுதிகளாக இருந்த ஒரு வீடு, ஒரு கலைஞரின் வீடும் காட்சிக்கூடமுமாக மாறும்போது, மலிவு வாடகையில் இருந்த மூன்று நான்கு குடும்பங்களுக்கு அங்கே இடம் இல்லாமல்போகிறது. வெற்றிக் கதைகளில் வரவு மட்டும் எழுதப்படுகிறது. விருது கொடுக்கும் குழுக்கள் வந்தவர்களைத்தான் எண்ணுகின்றன. போதைப்பொருள் விற்றவன் போனது நல்லதுதான். அவனுக்குப் பயந்து அதே மாடிப்படியில் ஏறி இறங்கிய ஏழைத் தாயும் அவனோடு சேர்ந்து போகவேண்டி வந்தால் அதை மீட்பு என்று நான் முழுமனதாகச் சொல்லமாட்டேன். அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதைத் திட்டத்தின் ஒரு பகுதியாக முதல் நாளிலேயே எழுதியிருக்கவேண்டும்.

நிற எல்லையும் உண்டு. படூக்காவில் கறுப்பின மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்களுக்கும் அங்கே பெரிய கலை வரலாறு இருக்கிறது. இனப் பிரிவினைக் காலத்தில் கறுப்பினப் பயணிகளுக்கு மற்ற ஹோட்டல்கள் கதவைச் சாத்தியபோது, மேகி ஸ்டீட் என்ற கறுப்பினப் பெண் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹோட்டல் மெட்ரோபாலிட்டனைக் கட்டினார். லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன், பி.பி. கிங் போன்ற இசை மேதைகள் தங்கிய இடம் அது. அப்பர் டவுன் பகுதியில் இருக்கும் அந்த மரக் கட்டடத்தை உள்ளூர்க்காரர்கள் போராடி மீட்டு, அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். வெளியூர்க் கலைஞர்களைத் தேடிப் பத்திரிகை விளம்பரம் கொடுத்த ஊரில், உள்ளூர்க் கறுப்பின மக்களின் கலை நினைவைக் காக்கும் பாரம் பெரும்பாலும் அவர்கள் தோளிலேயே இருந்தது. என் பார்வையில் படூக்கா மாதிரியின் மிகப் பெரிய குறை இதுதான்.

ஏற்றமும் இறக்கமும்

2008 பொருளாதார நெருக்கடி கலைஞர்களைப் பலமாக அடித்தது. கையில் காசு குறைந்தால் மக்கள் முதலில் நிறுத்துவது ஓவியம் வாங்குவதை. சில காட்சிக்கூடங்கள் மூடப்பட்டன, சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். திட்டத்தின் முகமாக இருந்த பரோனும் பின்னாளில் ஊரை விட்டுப் போய்விட்டார். மதிப்பைவிட அதிகக் கடன் என்ற அதே ஏற்பாடு, வீடு வாங்கும்போது வரமாகவும் விற்கும்போது சுமையாகவும் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

மக்கள் தொகையும் ஏறவில்லை. நாடே புகழ்ந்த அந்தப் பத்தாண்டுகளில் 26,307-லிருந்து 25,024 ஆகக் குறைந்தது. கலை ஒரு நகரத்தின் பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்தும் என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்கவேண்டும். ஒரு குடியிருப்பைக் கலையால் காப்பாற்ற முடிந்தது. ஊருக்கு வேலை கொடுக்க அதனால் முடியவில்லை. 2013-ல் யுரேனியம் ஆலை செறிவூட்டலை நிறுத்தியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பிழைப்பு ஆட்டம் கண்டது. அதே ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ படூக்காவைக் கைவினை, நாட்டார் கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இசைக்காகச் சென்னை சேர்ந்ததும் இதே கூட்டமைப்பில்தான். 2020 கணக்கெடுப்பில் படூக்காவின் மக்கள் தொகை 27,137 ஆக உயர்ந்தது.

லோயர் டவுனுக்குப் பிறகு நகராட்சி செய்ததுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. 2007 வாக்கில் ஃபவுண்டன் அவென்யூ என்ற இன்னொரு பழைய பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். பாழடைந்த சொத்தை நகராட்சி கையகப்படுத்துவது, வீடு வாங்குகிறவருக்குச் சலுகை கொடுப்பது என்று கருவிகள் பெரும்பாலும் பழையவையே. வாங்குகிறவர் கலைஞராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இல்லை. ஆசிரியரோ செவிலியரோ பழைய வாடகைக்காரரோ யார் வேண்டுமானாலும் வரலாம். படூக்காவைப் பார்த்துத் தன் ஊரில் கலை வீதி தொடங்க நினைக்கும் நகராட்சித் தலைவர்கள் லோயர் டவுனைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் ஃபவுண்டன் அவென்யூவுக்கும் போகவேண்டும், ஹோட்டல் மெட்ரோபாலிட்டனுக்கும் போகவேண்டும். கடன் கொடுத்த வங்கியிடம் பேசவேண்டும். முடிந்தால் 2018 சட்டத்தின் ஒரு நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும்.